கலிபோர்னியாவில் ஃபாஸ்டர் பெற்றோர் பயிற்சி: கைக்காசு போடாமல் முடிக்கும் வழி

நானும் என் கணவரும் கலிபோர்னியாவில் ஃபாஸ்டர் பெற்றோராக (பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பவராக) பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்த அந்த வாரமே முதல் தப்பைச் செய்தோம். தேவைகள் பட்டியலில் ‘முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறை) சான்றிதழ்’ என்று பார்த்ததும், அன்று இரவே இணையத்தில் ஒரு வகுப்பைத் தேடிப் பிடித்து ஆளுக்கு 45 டாலர் கட்டினோம். இரண்டு மணி நேரத்தில் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து எங்கள் ஒர்க்கர் (எங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்) அதைப் பார்த்துவிட்டு, முழுக்க இணையத்திலேயே முடித்தது செல்லாது என்றார். மறுபடி ஆளுக்கு 95 டாலர் கட்டி நேரடி வகுப்புக்குப் போனோம். அந்த ரசீதை நீட்டியபோது, ‘முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லையே, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று பதில் வந்தது. ஆக மொத்தம் 280 டாலர் போனது. அதே மாதம் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் ஃபாஸ்டர் குடும்பங்களுக்கென்று அதே வகுப்பு இலவசமாக நடந்திருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. கூச்சமும்தான். ஒரு குழந்தைக்கு நிழல் கொடுக்கலாம் என்று போகிற இடத்தில் 95 டாலருக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டோம். நம் ஆட்கள் பலருக்கும் இந்தக் கூச்சம் இருக்கிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கென்றே அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது. வகுப்பில் சேருவதற்கு முன்னால் வாய் திறந்து கேட்பவருக்கு அது சுலபமாகக் கிடைக்கும். கட்டிவிட்டுப் பிறகு கேட்பவருக்குக் கிடைப்பது கஷ்டம். நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வழியில் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

கலிபோர்னியாவில் இப்போது ஃபாஸ்டர் பெற்றோருக்கு ‘ரிசோர்ஸ் ஃபேமிலி’ என்று பெயர். உறவுக்காரக் குழந்தையை வைத்துக்கொள்பவர், முன்பின் தெரியாத குழந்தையை ஏற்பவர், பின்னால் தத்தெடுக்க நினைப்பவர் எல்லோருக்கும் ஒரே ஒப்புதல் முறைதான். அந்த ஒப்புதலைப் பெற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, உங்கள் கவுன்டியின் (மாவட்டத்தின்) குழந்தைகள் நலத் துறையிடம் நேரடியாக விண்ணப்பிப்பது. இன்னொன்று, ஃபாஸ்டர் ஃபேமிலி ஏஜென்சி எனப்படும் லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்றின் வழியாகப் போவது.

பயிற்சிச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் இதைப் பொறுத்துத்தான். கவுன்டி வழியில் வகுப்புகளைக் கவுன்டியே நடத்தும், அல்லது சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும். ஏஜென்சி வழியில் பல இடங்களில் பயிற்சியாளர்களும் அவர்களுடைய ஆட்களே. சில ஏஜென்சிகள் சிபிஆர் வகுப்பையும் உள்ளேயே நடத்திவிடும். ஆனால் ஏஜென்சிகள் மாநிலம் சொல்லும் குறைந்தபட்ச நேரத்தைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம்.

முதல் அறிமுகக் கூட்டத்திலேயே, அதாவது ஓரியன்டேஷனிலேயே, மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கட்டாயப் பயிற்சியில் எதெல்லாம் இலவசம்? சிபிஆர் வகுப்பை நீங்களே நடத்துகிறீர்களா, இல்லை நாங்கள் வெளியே போக வேண்டுமா? வெளியே போனால் காசை யார், எப்போது தருவார்கள்? விசாவில் இருப்பவர்கள் தங்கள் நிலை பற்றிய கேள்வியையும் அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அலைந்த பிறகு கேட்பதற்கு அது நல்ல கேள்வி இல்லை.

2. எவையெல்லாம் கட்டாயம்

ஒப்புதலுக்கு முன் குறைந்தது 12 மணி நேரப் பயிற்சி. ஒப்புதல் கிடைத்த பிறகு ஆண்டுதோறும் குறைந்தது 8 மணி நேரம். இவை தவிர, ஒப்புதல் கிடைத்த 90 நாளுக்குள் முதலுதவி மற்றும் சிபிஆர் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மணிக் கணக்கெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று வருவது. வீட்டுக்கு இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இங்கேயும் இடறினோம். ஸூம் வகுப்பில் ஒரே கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். உள்ளே நுழைந்த பெயர் என்னுடையது மட்டும் என்பதால் சான்றிதழும் எனக்கு மட்டுமே வந்தது. என் கணவர் அந்த மூன்று மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து முடித்தார். கணவன் மனைவி இருவரும் விண்ணப்பித்தால் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், தனித்தனிக் கருவியில் உள்ளே நுழையுங்கள், கேமராவை அணைக்காதீர்கள்.

அந்த 12 மணி நேரத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள்? பாதிப்புக்குள்ளான குழந்தையின் மனநிலை, பிரிவுத் துயரம், குழந்தை வளர்ச்சி, அடிக்காமல் ஒழுங்கைக் கற்றுத் தருவது, ஃபாஸ்டர் குழந்தையின் உரிமைகள், பெற்ற தாய் தகப்பனோடு நம் உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் வரும். உடல்நலப் பகுதியில் மனநல மருந்துகள் பற்றித் தனியாக உண்டு. ஃபாஸ்டர் குழந்தைக்கு அப்படிப்பட்ட மருந்தைத் தொடங்க நாமாகச் சம்மதம் கொடுத்துவிட முடியாது. அதற்கு ஜேவி-220 என்ற படிவத்தின் மூலம் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டும் நேரத்தில் இது நினைவில் இருக்க வேண்டும்.

‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒழுங்கு பற்றிய அந்த வகுப்பு கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது. ஏற்கெனவே அடிபட்டு வரும் குழந்தைக்கு ஓங்கிய கை என்னவாகத் தெரியும் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு, என் வீட்டில் சாதாரணமாக நான் கையை உயர்த்திப் பேசும் பழக்கத்தையே கவனிக்க ஆரம்பித்தேன்.

3. பணம் எங்கிருந்து வருகிறது

எங்கே கேட்பது என்று தெரிவதற்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘டைட்டில் 4-இ’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஃபாஸ்டர் பெற்றோருக்கும் தத்தெடுக்கும் பெற்றோருக்கும் மாநிலம் தரும் பயிற்சிகளில் தகுதியுள்ள செலவுக்கு மத்திய அரசு 75 சதவீதம் வரை பங்கு தருகிறது. அந்தப் பணம் நம் வங்கிக் கணக்குக்கு வராது. மாநிலத்துக்கும் கவுன்டிக்கும் போய், நமக்கு இலவச வகுப்பாகவோ திரும்பக் கிடைக்கும் காசாகவோ வந்து சேரும். கவுன்டியிடம் பயிற்சிச் செலவைக் கேட்பது யாருடைய பாக்கெட்டிலும் கை வைப்பது ஆகாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத வழி: கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகள் நடத்தும் ‘ஃபாஸ்டர் அண்ட் கின்ஷிப் கேர் எஜுகேஷன்’ திட்டம். ஃபாஸ்டர் குடும்பங்களுக்கும், பேரன் பேத்தியையோ அக்கா தங்கை பிள்ளையையோ வைத்துக்கொண்டிருக்கும் உறவினருக்கும் இங்கே வகுப்பு இலவசம். பல கல்லூரிகளில் ஒப்புதலுக்கு முந்தைய வகுப்புகள், ஆண்டுப் பயிற்சி இரண்டுமே உண்டு. சில இடங்களில் சிபிஆர் வகுப்பும் உண்டு, ஆனால் எல்லா மாதமும் இருக்காது, இடமும் குறைவு. உங்கள் பகுதிக் கல்லூரியின் பெயரோடு இந்தத் திட்டத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, ‘அடுத்த சிபிஆர் வகுப்பு எப்போது, பட்டியலில் என் பெயரைச் சேர்க்க முடியுமா’ என்று கேளுங்கள். இணையப் பக்கத்தில் பழைய தேதிகளே கிடக்கும். ஃபோனில்தான் உண்மை தெரியும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு, ‘க்யூபிஐ கலிபோர்னியா’ தளத்தில் இருக்கும் இலவசக் காணொளி வகுப்புகள் ஆண்டுக் கணக்குக்கு உதவும். எந்த வகுப்பை எத்தனை மணி நேரமாக உங்கள் கவுன்டி ஏற்கும் என்று முன்னால் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் சிரமம் உள்ள தாத்தா பாட்டி உறவினர் வழியில் விண்ணப்பித்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். மத்திய அரசுப் பணம் பெறும் அலுவலகங்கள் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. பேத்தியையே மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

4. கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒர்க்கர் ஃபோனில் ‘சரி, கட்டிக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது போதாது. சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வேறு பிரிவுக்கு மாறிவிடுவார், உங்கள் கோப்பு இன்னொருவர் மேசைக்குப் போகும், அந்த இன்னொருவருக்கு இந்தப் பேச்சு தெரியாது. எங்கள் கோப்பு ஏழு மாதத்தில் மூன்று பேர் கை மாறியது.

அதனால் ஃபோனை வைத்ததும் ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: வகுப்பின் முழுப் பெயர், நடத்தும் அமைப்பு, தேதி, ஆளுக்கு எவ்வளவு, எத்தனை பேர். கடைசியில் இரண்டு கேள்வி: ‘இந்த வகுப்பு ஒப்புதலுக்குச் செல்லுமா? இந்தத் தொகையைத் திரும்பத் தருவீர்களா, அல்லது நேரடியாகக் கட்டிவிடுவீர்களா?’ பதில் வரும்வரை கார்டை வெளியே எடுக்காதீர்கள். நான்கு வேலை நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் அதே மின்னஞ்சலை மேற்பார்வையாளருக்கும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் எழுத்தில் இருந்தால்தான் மேலே அனுப்ப வசதி.

முடிந்தால் நேரடிக் கட்டணத்தையே கேளுங்கள். முதலில் நீங்கள் கட்டி, பிறகு அவர்கள் திருப்பித் தருவது என்றால் காசு கைக்கு வர நாள் எடுக்கும்.

5. சரியான சிபிஆர் வகுப்பை எடுங்கள்

சான்றிதழ் தள்ளுபடி ஆவதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று.

முதலாவது, எங்களுக்கு நடந்தது: முழுக்க இணையத்தில் முடிக்கும் வகுப்பு. பாடத்தை இணையத்தில் படித்துவிட்டு, செய்முறைக்கு நேரில் போகும் கலப்பு வகுப்பு இருக்கிறது. பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விவரத்தில் செய்முறை நேரம், இடம், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான வகுப்பு இல்லை.

இரண்டாவது, பெரியவர்களுக்கு மட்டுமான வகுப்பு. நீங்கள் ஏற்கப்போகும் குழந்தையின் வயதுக்கு ஏற்ற பயிற்சி வேண்டும். பெரியவர், குழந்தை, கைக்குழந்தை மூன்றும் சேர்ந்த வகுப்பாகவே எடுத்துவிடுங்கள். பதின்வயதுப் பிள்ளையை மட்டும்தான் ஏற்போம் என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் அக்காவோடு சேர்த்து ஒன்றரை வயதுத் தம்பியையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு நாள் ஃபோன் வரலாம்.

மூன்றாவது, மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு நேர்வது. செவிலியரான ஒரு தோழி தன்னிடம் ஏற்கெனவே இருந்த பிஎல்எஸ் (மருத்துவப் பணியாளர்களுக்கான உயிர்காப்புப் பயிற்சி) அட்டையைக் கொடுத்தார். அதில் சிபிஆர் இருக்கிறது, முதலுதவி இல்லை. தனியாக முதலுதவி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நம்மில் மருத்துவரும் செவிலியரும் நிறையப் பேர் இருப்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், அமெரிக்க இதயச் சங்கம் ஆகியவற்றின் வகுப்புகள் பொதுவாக எல்லா இடத்திலும் ஏற்கப்படும். இரண்டின் சான்றிதழும் இரண்டு ஆண்டு செல்லும். அட்டையில் உங்கள் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது போலவே இருக்கட்டும். அப்பா பெயரை ஒரு காகிதத்தில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் போட்டு வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி.

90 நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போடவும் வேண்டாம். சில ஏஜென்சிகள் ஒப்புதலுக்கு முன்னாலேயே கேட்கும். அப்புறம், ஒப்புதல் கிடைத்த மறுவாரமே குழந்தை வந்துவிட்டால் ஒரு முழு சனிக்கிழமையை இருவரும் எப்படி ஒதுக்குவீர்கள்?

அந்த இரண்டாவது வகுப்புக்கு நான் கடுப்போடுதான் போனேன். மேசை மேல் ஒரு ரப்பர் குழந்தை கிடந்தது. பயிற்சியாளர் அதை என் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையை விரல்களால் தாங்கச் சொல்லி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டச் சொன்னார். நான் தட்டியதைப் பார்த்து, ‘இப்படித் தட்டினால் தூங்கிவிடும், வெளியே வராது’ என்றார். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று எந்தக் காணொளியும் என் கைக்குச் சொல்லித் தந்திருக்காது. நேரடிப் பயிற்சி ஏன் கேட்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

6. பயிற்சி ஓடும்போதே முடிக்க வேண்டிய காகிதங்கள்

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஆர்எஃப்ஏ 01ஏ, குற்றப் பின்னணி பற்றிய உறுதிமொழிப் படிவம் ஆர்எஃப்ஏ 01பி. இவற்றை வகுப்பு முடியட்டும் என்று வைத்திருக்காமல் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

கைரேகைப் பதிவுக்கு லைவ் ஸ்கேன் என்று பெயர். வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போக வேண்டும். கவுன்டி தரும் படிவத்தையே கொண்டு போங்கள். வேறு வேலைக்காக முன்பு எடுத்த கைரேகை பொதுவாக இதற்கு உதவாது. பதிவு செய்யும் கடை தனிக் கட்டணம் கேட்குமா, அதை யார் ஏற்பார்கள் என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் அந்த மாநிலத்தின் குழந்தைத் துன்புறுத்தல் பதிவேட்டிலும் தேடுவார்கள். நியூஜெர்சியிலிருந்து மாறி வந்த எங்களுக்கு இதிலேயே ஆறு வாரம் போனது. பழைய முகவரிகளையும் தேதிகளையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவது நம் வீடுகளில் சகஜம். பின்னணிச் சோதனை வீட்டில் வசிப்பவர்களோடு, வழக்கமாக வந்து போகும் பெரியவர்களையும் சேர்த்துத்தான். டிக்கெட் போடும்போதே ஒர்க்கரிடம் சொல்லுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் வீணாகச் சிக்கல்.

காசநோய்ச் சோதனையில் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களில் பெரும்பாலோர் சின்ன வயதில் பிசிஜி ஊசி போட்டவர்கள். கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் தோல் சோதனையில் அந்தத் தடுப்பூசியாலேயே நோய்த்தொற்று இருப்பதுபோல் முடிவு வரலாம். பிறகு எக்ஸ்ரே, அதற்கொரு அப்பாயின்ட்மென்ட், மறுபடி ஒரு கடிதம் என்று இழுக்கும். மருத்துவரிடம் பிசிஜி போட்டதைச் சொல்லி, ‘இக்ரா’ வகை ரத்தச் சோதனை தரச் சொல்லுங்கள். குவான்டிஃபெரான் என்று சொன்னால் உடனே புரியும். பிசிஜி அதைக் குழப்பாது.

7. படித்ததை வீட்டில் காட்ட வேண்டும்

உடல்நல, பாதுகாப்புப் பயிற்சி காகிதத்தோடு முடிவதில்லை. ஒர்க்கர் வீட்டுக்கு வந்து அறை அறையாகப் பார்ப்பார். புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி, குழாயில் வரும் வெந்நீர் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் இருப்பது, பூட்டிய மருந்துகள், எட்டாத இடத்தில் சுத்தம் செய்யும் திரவங்கள். நீச்சல் குளமோ துப்பாக்கியோ இருந்தால் அதற்குத் தனி விதிகள்.

எங்கள் வீட்டில் குளியலறை மருந்து அலமாரிக்கு ஒழுங்காகப் பூட்டுப் போட்டிருந்தோம். ஒர்க்கர் சமையலறையைத் திறந்தார். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் நிலவேம்புப் பொடி, ஒரு லேகிய டப்பா, தமிழில் மட்டும் பெயர் எழுதிய இருமல் மருந்து. ‘இவை என்ன?’ என்றார். மருந்து என்று சொன்னால் அவையும் பூட்டுக்குள் போக வேண்டும். நமக்கு அவை மருந்தாகவே தோன்றுவதில்லை, அதுதான் பிரச்சினை. பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில் கற்பூர டப்பா இருந்தது. முதலுதவி வகுப்புக்குப் பிறகுதான் எனக்கே அது உறைத்தது: கற்பூரத்தைக் கொஞ்சம் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிடலாம். வெள்ளையாக, மிட்டாய் வில்லை போல, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் அத்தனை வருடமும் வைத்திருந்தோம். தைலங்களிலும் கற்பூரம் உண்டு. விஷ முறிவு ஆலோசனை எண் 1-800-222-1222. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

கைக்குழந்தையை ஏற்பதாக இருந்தால் தனித் தொட்டில், மல்லாக்கப் படுக்க வைப்பது, தொட்டிலில் தலையணை போர்வை எதுவும் இல்லாமல் இருப்பது. தூளி கூடாது, பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதும் கூடாது. தூளியில் வளர்ந்த நமக்கு இது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கண்மை வைப்பதும் வேண்டாம், ஊரிலிருந்து வரும் சில கண்மைகளில் ஈயம் இருக்கிறது.

இங்கேயும் செலவுக்கு உதவி கேட்கலாம். பூட்டு, தொட்டில், கார் சீட் போன்றவற்றுக்குச் சில கவுன்டிகளும் ஏஜென்சிகளும் உதவுகின்றன. வாங்கும் முன் கேளுங்கள். கார் சீட்டைச் சரியாகப் பொருத்தியிருக்கிறீர்களா என்று கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை அலுவலகங்களில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

8. திரும்பக் கிடைக்க வேண்டிய காசுக்கு ஒரு கோப்பு

எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று, வகுப்பும் முடிந்தது என்றால் அன்றைக்கே இவற்றை ஒரே கோப்பில் போடுங்கள்: அனுமதி மின்னஞ்சலின் பிரதி, உங்கள் பெயரும் வகுப்பின் பெயரும் தேதியும் தொகையும் உள்ள ரசீது, சான்றிதழின் இரண்டு பக்கமும். வங்கிக் கணக்கு விவரத்தில் வரும் ஒரு வரி ரசீது ஆகாது. இருவருக்கும் சேர்த்து ஒரே கார்டில் கட்டினாலும் ரசீது ஆளுக்கொன்று கேட்டு வாங்குங்கள். பணம் அனுப்புவதற்கு எங்களிடம் டபிள்யூ-9 படிவமும் (வரி அடையாள எண்ணைத் தரும் படிவம்) கேட்டார்கள்.

வண்டிச் செலவுக்கும் சில இடங்களில் காசு உண்டு. பயிற்சிக்குப் போன நாள், கிளம்பிய இடம், சேர்ந்த இடம், மைல் என்று நான்கே கட்டம் உள்ள ஒரு தாள் போதும். போன அன்றைக்கே எழுதுங்கள். எப்போதைக்குள் கொடுக்க வேண்டும் என்று கெடு இருக்கும், அதைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

முடியாது என்று பதில் வந்தால் எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. செவிலியரான அந்தத் தோழிக்குத் தோன்றியது. முதலுதவி வகுப்புக்குக் கட்டிய காசு ஐந்து வாரத்தில் அவருக்குத் திரும்ப வந்தது.

9. குழந்தை வந்த பிறகு

ஆண்டுக்கு 8 மணி நேரம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். குழந்தை வந்த பிறகு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அரிது. நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு வகுப்பு, இருவரும் வேறு வேறு நாளில் என்று வைத்துக்கொண்டோம்.

வகுப்பு நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது? சில கல்லூரிகள் வகுப்பு நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கின்றன. இது தவிர, ஃபாஸ்டர் குழந்தைகளுக்கான அவசரக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் ஒன்று கலிபோர்னியாவில் உண்டு, ‘பிரிட்ஜ்’ திட்டம் என்பார்கள். பங்கேற்கும் கவுன்டிகளில், குழந்தை வந்த தொடக்கத்தில் டே கேர் செலவுக்கு ஆறு மாதம் வரை வவுச்சர் தருவார்கள். தேவைப்பட்டால் 12 மாதம் வரை நீட்டிப்பும் உண்டு. நிரந்தரமான ஓர் இடம் பிடித்துத் தர வழிகாட்டியும் கிடைப்பார். இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ‘டே கேருக்கு ஏதாவது உதவி உண்டா’ என்று பொதுவாகக் கேட்டபோது எங்களுக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. பெயர் சொல்லிக் கேட்ட அன்றைக்குப் படிவம் வந்தது.

சிபிஆர் அட்டை காலாவதி ஆகும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் ஃபோனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டு வேலை: கல்லூரிக்கு ஃபோன், ஒர்க்கருக்கு மின்னஞ்சல். எங்கள் அட்டை போன மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. டிசம்பரிலேயே கேட்டுவிட்டதால் கல்லூரி வகுப்பில் இருவருக்கும் இடம் கிடைத்தது, செலவு பூஜ்யம். வகுப்பு முடியும்வரை பக்கத்து அறையில் குழந்தை வேறு இரண்டு பிள்ளைகளோடு படம் வரைந்துகொண்டிருந்தது.